பாலாற்றுப் படுகையின் கல் இலைகளும் பழைய காலநிலையும்

வாலாஜாபாத்துக்குத் தெற்கே பாலாறு கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் பரந்து கிடக்கின்றன. ஊரைவிட்டு வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகப் போக, வண்டலுக்கும் செம்பூராங்கல்லுக்கும் அடியிலிருந்து வேறொரு பாறை ஆங்காங்கே தலைகாட்டுகிறது. வெளுத்த, மெதுவான களிமண் பாறை அது. நடுநடுவே மணற்பாறையும் கூழாங்கற்பாறையும் வரும். தட்டுத் தட்டாகப் பிரியும் அந்தக் களிமண் பாறைக்குள் இலைகள் இருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள சென்னை, வட ஆர்க்காட்டுப் பகுதிகளைப் பற்றி 1873இல் வெளியான தன் அறிக்கையில் இப்பாறைகளை விவரித்தார். அவர் சேகரித்த இலைகளை அதே துறையின் தொல்தாவரவியலாளர் ஒட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் 1879இல் இனம் பிரித்துப் பெயரிட்டு வெளியிட்டார். பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் என்றே ஃபூட்டை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவரும் வில்லியம் கிங்கும் 1863இல் கற்கருவிகளைக் கண்ட அத்திரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டுப் பழமையான அந்த மனிதத் தடயங்களுக்கு அடித்தளமாகக் கிடப்பதும் இதே காலத்துக் களிமண் பாறைதான். கருவிகளைப் பற்றிப் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றின் அடியில் கிடக்கும் இலைகளைப் பற்றி நாம் பேசியதில்லை.

இந்த இலைகளைக் கொண்டு அன்றைய வெப்பத்தையும் மழையையும் காட்டின் தன்மையையும் மீட்டெடுக்க முடியுமா என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. முடியும் என்று உலகெங்கும் ஒரு நூற்றாண்டு உழைப்பு சொல்கிறது. ஆனால் அந்த உழைப்பில் உருவான சிறந்த அளவுகோல்கள் பாலாற்றுப் படுகையின் இலைகள் முன்னால் வந்ததும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. என் வாதம் இதுதான்: புதைபடிவ இலை தன்னளவில் காலநிலையைச் சொல்வதில்லை, எந்த உயிருள்ள இலையோடு அதை ஒப்பிடுகிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. ஒப்பிடும் இலையைத் தவறாகத் தேர்ந்தால் விடையும் தவறும். அந்தத் தேர்வுக்கு வேண்டிய உயிருள்ள சான்றில் ஒரு முக்கியமான பகுதி சோழமண்டலக் கரையின் நம்முடைய காடுகளிலேயே இருக்கிறது. அதை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

முதலில் அளவுகோல்களைப் பார்ப்போம். 1915, 1916 ஆண்டுகளில் பெய்லி, சின்னட் என்ற இரு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் எளிய ஓர் உண்மையைக் கவனப்படுத்தினார்கள். வெப்பமான நாடுகளின் இருவித்திலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இலை விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. குளிர்ந்த நாடுகளில் பல் பல்லாக வெட்டுப்பட்ட விளிம்பு மிகுகிறது. நம் தெருக்களிலேயே இதைச் சரிபார்க்கலாம். மா, நாவல், ஆல், அரசு, புளி, புங்கு எல்லாமே முழுவிளிம்பு. வேம்பு மட்டும் ரம்பப் பல் விளிம்போடு நிற்கிறது. வெயிலுக்குப் பேர்போன மரமே விதிக்கு விலக்காக இருப்பதைப் பார்த்து விதியைத் தள்ளிவிடத் தேவையில்லை. ஓர் இனத்தின் இலை எதையும் நிரூபிப்பதில்லை. ஓர் இடத்தில் வளரும் எல்லா இருவித்திலை மர இனங்களிலும் முழுவிளிம்பு கொண்டவை எத்தனை பங்கு என்ற விகிதமே பேசுகிறது. ஜாக் வோல்ஃப் கிழக்காசியக் காடுகளில் தொகுத்து 1979இல் வெளியிட்ட தரவிலிருந்து ஒரு சமன்பாடே கிடைத்தது: முழுவிளிம்பு இனங்களின் பங்கை 30.6ஆல் பெருக்கி 1.14ஐக் கூட்டினால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை செல்சியஸில் வரும். எல்லா இனங்களும் முழுவிளிம்பாகவே இருந்தாலும் விடை 31.7 பாகையைத் தாண்டாது என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைக் கரையின் இன்றைய ஆண்டுச் சராசரியே 28 பாகைக்கு மேல். ஆக, நம் போன்ற வெப்ப நாடுகளில் இந்த அளவுகோல் ஏறக்குறைய தன் உச்சியிலேயே வேலை செய்கிறது. இதைவிடச் சூடான பழங்காலம் ஒன்று இருந்திருந்தால் அதை இது காட்டிக் கொடுக்காது.

பல்லுக்கும் குளிருக்கும் உள்ள உறவின் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இளம் இலையில் பல் முனைகள்தாம் முதலில் முதிர்ந்து, வளரும் பருவத்தின் தொடக்கத்திலேயே நீரை இழுத்து ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவைக்கின்றன. குறுகிய கோடை உள்ள நாட்டில் அது ஆதாயம் என்பது ஒரு விளக்கம். இலையின் பரப்பளவும் பேசுகிறது. 2017இல் உலகெங்குமிருந்து 7,670 இனங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நண்பகல் சூட்டைப் போலவே இரவுக் குளிரும் இலையின் அளவுக்கு எல்லை போடுகிறது என்று காட்டியது. ஒற்றைப் பண்பை நம்பாமல் விளிம்பு, நுனி, அடி, அளவு, வடிவம் என 31 பண்புகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை வோல்ஃப் 1993இல் முன்வைத்தார். ராபர்ட் ஸ்பைசரும் லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தாரும் இந்தியப் பருவமழைக் காடுகளின் இலைகளையும் அந்த ஒப்பீட்டுத் தொகுப்பில் சேர்த்தார்கள். அதற்குப் பின் அசாமின் மாக்கும் நிலக்கரிப் படுகையில் கிடைத்த பின் ஒலிகோசீன் கால இலைகள், தெற்காசியப் பருவமழை அப்போதே உருவாகிவிட்டதற்குச் சான்று சொல்லின. இன்று வறண்ட ராஜஸ்தானின் குர்ஹா பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து இயோசீன் இலைகள் அங்கே ஒருகாலம் ஈரப் பசுமைக்காடு இருந்ததைக் காட்டின. இலைகள் பேசும் என்பதில் ஐயமில்லை. ஐயம் இருப்பது, எல்லா இலைகளும் ஒரே மொழியில் பேசுமா என்பதில்தான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளின் இலைகள் அந்த மொழியில் பேசுவதில்லை. அங்கே கிடைப்பவை டிலோஃபில்லம், டிக்டியோசாமைட்டஸ், ஓட்டோசாமைட்டஸ், டீனியோப்டெரிஸ் போன்ற இறகிலைகளும் நீளிலைகளும், எலாட்டோகிளாடஸ், பிராக்கிஃபில்லம் போன்ற கூம்புத் தாவரக் கிளைகளும், கிளாடோஃபிளெபிஸ் போன்ற பெரணிகளும். இருவித்திலை மரம் ஒன்றுகூட இல்லை. பூக்கும் தாவரங்கள் உலகில் தலையெடுக்கத் தொடங்கியிருந்த முன் கிரெட்டேசியஸ் காலம் அது. விளிம்பு விகிதம், 31 பண்புகள் எல்லாம் இருவித்திலை மர இலைகளுக்காக உருவானவை. இறகிலையின் விளிம்பில் பல் இருக்கிறதா என்று பார்ப்பது பொருளற்ற வேலை. அடுத்தபடியாகக் கைகொடுக்க வேண்டியது உறவுமுறை: புதைபடிவத்துக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு எங்கே வாழ்கிறதோ, அந்தக் காலநிலையே அன்றும் இருந்தது என்று கொள்வது. டிலோஃபில்லத்தின் இறகிலையைப் பார்க்கிறவர்களுக்குச் சைக்கஸ் நினைவு வராமல் போகாது. சைக்கஸ் இன்று வெப்பமண்டலச் செடி. ஆகவே அன்றும் இங்கே வெப்பமண்டலம் என்று முடித்துவிடலாமா?

கூடாது என்பதற்கான காரணத்தை நமக்குத் தந்தவர் பீர்பால் சாஹ்னி. ராஜ்மகால் குன்றுகளில் தனித்தனியே கிடைத்த தண்டு, டிலோஃபில்லம் வகை இலை, பூப்போன்ற இனப்பெருக்க உறுப்பு ஆகியவை ஒரே செடியின் பாகங்கள் என்பதை அவர் 1932இல் வில்லியம்சோனியா சீவார்டியானா என்ற பெயரில் முழுச் செடியாக மீட்டுக் காட்டினார். அந்தச் செடி சைக்கஸ் அல்ல. பென்னட்டைட்டேலிஸ் என்ற, அடியோடு அழிந்துபோன வேறொரு குலம். இலை ஒத்திருந்தும் இலைத்துளைகளின் அமைப்பிலும் இனப்பெருக்க உறுப்பிலும் இரண்டும் வேறுபட்டவை. உயிருள்ள வாரிசு இல்லாத குலத்துக்கு நெருங்கிய உறவைக் காட்டு என்றால் யாரைக் காட்டுவது? வெளித்தோற்றம் ஒத்த சைக்கஸை அந்த இடத்தில் உட்கார வைத்தால், செடியின் காலநிலையை அல்ல, நம் கண்ணின் பழக்கத்தைத்தான் அளக்கிறோம். புவியியல் சான்றும் எச்சரிக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியா தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது. கிழக்குக் கரைக்கு எதிரே அண்டார்க்டிகா அப்போதுதான் விலகத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 11 கோடியே 70 லட்சம் ஆண்டுக்கு முன் குளிர்ந்து இறுகிய ராஜ்மகால் எரிமலைப் பாறைகள், தங்கள் காந்தப் பதிவின்படி தெற்கே சுமார் 47 பாகையில் உருவானவை. இன்று வடக்கே 13 பாகையை ஒட்டியிருக்கும் நம் நிலமும் அன்று தெற்கின் நடு அகலாங்குகளில்தான் இருந்தது. கோடையில் நீண்ட பகலும் குளிர்காலத்தில் நீண்ட இரவும் உள்ள அந்த இடத்தின் ஒளிச்சூழலுக்கு, இன்றைய எந்தச் சைக்கஸ் காடும் சரியான ஒப்பீடு ஆகாது.

இலைகளைத் தனியே நம்பியதன் விலையை இந்தப் பாறைகளே ஒருமுறை காட்டிக் கொடுத்திருக்கின்றன. தாவரங்களின் ஒற்றுமையை வைத்து ஃபைஸ்ட்மாண்டல் முதலியோர் இவற்றை ஜுராசிக் கால ராஜ்மகால் தாவரங்களோடு சேர்த்தார்கள். பின்னர் கிழக்குக் கரைப் படிவுகளில் இலைகளோடு கிடைத்த அம்மோனைட்டு ஓடுகளும் நுண்ணிய கடலுயிர் ஓடுகளும், இவை முன் கிரெட்டேசியஸ் காலத்தவை, அதாவது ஏறத்தாழ 14 கோடிக்கும் 11 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று திருத்தின. ராஜ்மகாலும் பின்னர் கிரெட்டேசியஸ் என்றே ஆனது. ஃபைஸ்ட்மாண்டலின் உழைப்பை இது சிறுமைப்படுத்தாது. 1920இல் சீவார்டும் சாஹ்னியும் இந்தியக் கோண்டுவானாத் தாவரங்களை மறுபரிசீலனை செய்தபோது அவருடைய சேகரிப்பே அடிப்படையாக இருந்தது. கவனிக்க வேண்டியது வேறு. டிலோஃபில்லம் போன்ற இலை வடிவங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் நீடித்தன. காலம் மாறியும் மாறாத வடிவம், காலநிலை மாறியும் மாறாமல் இருந்திருக்கலாம். அந்தச் சிறு ஓடுகள் இன்னொன்றையும் சொல்லின: இலை விழுந்த இடத்துக்கு அருகே கடல் இருந்தது. இது இலையைக் கொண்டு மட்டும் தெரியவந்திருக்காது.

இலைகள் தடித்தவை, சிறியவை, செதில் போன்றவை. எனவே வறட்சி நிலவியது என்று சொல்லும் ஒரு வழக்கமும் உண்டு. பிராக்கிஃபில்லம் கிளையில் செதிலிலைகள் தண்டோடு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் இயல்பாகவே வரும். ஆனால் தடித்த இலைக்கு வறட்சி மட்டுமே காரணம் அல்ல. உப்பங்கழி ஓரத்து உவர்நீர், சத்துக் குறைந்த மணல் நிலம், கடுமையான ஒளி, காற்றில் மிகுந்த கார்பன் டைஆக்சைடு, குலத்தின் பிறவிப் பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் அதே தோற்றத்தைத் தரும். மேலும், அதே படிவுகளில் பெரணிகளும் கிடைக்கின்றன; இனப்பெருக்கத்துக்கு ஈரம் தேடும் செடிகள் அவை. செதிலிலையும் பெரணியும் ஒரே பாறையில் இருக்கும்போது, ஒன்றை எடுத்து வறட்சி என்றும் மற்றதை எடுத்து ஈரம் என்றும் சொல்வது சான்றை இரண்டாக வெட்டுவதாகும். ஆற்றோர ஈரத் தரையில் பெரணியும், மேட்டில் கூம்பு மரங்களும், இடைப்பட்ட திறந்த இடத்தில் இறகிலைச் செடிகளும் வளர்ந்த ஒரு கழிமுகச் சமவெளி என்று கொண்டால் இரண்டு சான்றும் சேர்ந்து நிற்கும். ஆக, இந்த இலைகள் முதலில் சொல்வது சூழலியலை. தட்பவெப்பம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இங்கே எழும் வலுவான மறுப்பு: இலைகள் வளர்ந்த இடத்திலேயே புதைவதில்லை. ஆறு எங்கிருந்தோ அடித்துவந்த இலைகளை வைத்துக் காட்டையே வரைவது எப்படி? மறுப்பு சரியானது, சரியாகவே சோதிக்கவும் பட்டிருக்கிறது. ஈகுவடோரின் அமேசான் காட்டில் ஆற்றங்கரை மரங்களை மட்டும் வைத்து இலை விளிம்பு வழியே கணக்கிட்டபோது, உண்மையான வெப்பநிலையைவிட 2.5 முதல் 5 பாகை வரை குறைவாக விடை வந்ததை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. கரையோரத்தில் பல்விளிம்பு இனங்கள் மிகுதி என்பதே காரணம். ஆனால் பிழையின் அளவும் திசையும் தெரிந்த அளவுகோலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, திருத்திப் பயன்படுத்தலாம். ஓர் அங்குலச் சேலைத் துணுக்கைக் கையில் எடுத்துப் பார்க்கும் தறிக்காரர் பாவும் ஊடையும் என்ன நூல், கோர்வை போட்டதா என்று சொல்லிவிடுவார். அதை யார் எந்த விசேஷத்துக்குக் கட்டினார் என்று சொல்ல மாட்டார். இலைத் துணுக்கும் அப்படித்தான். கிழியாத, காம்போடு கூடிய, சரம் சரமாக ஒரே தளத்தில் கிடக்கும் இலைகள் அருகிலிருந்து விழுந்தவை. நொறுங்கி, மணலோடு கலந்து கிடப்பவை தூரத்திலிருந்து வந்தவை. பாறையின் அமைப்பைப் பதிவு செய்யாமல் இலையை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போன பழைய சேகரிப்பு முறையால்தான் இந்த வேறுபாடு பல இடங்களில் தொலைந்துபோனது.

இலைத்துளைகளை நம்பலாம் என்பது அடுத்த பதில். 1987இல் வுட்வர்ட், உலர்தாவரக் காப்பகத்தில் இருந்த 200 ஆண்டுக்கால இலைகளை எண்ணிப் பார்த்து, தொழிற்புரட்சிக்குப் பின் துளைகளின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டினார். காற்றில் கார்பன் டைஆக்சைடு கூடினால் குறைந்த துளைகளே போதும். நீர் வீணாவது தவிரும். இந்த முறையைக் கொண்டு 1999இல் ஜெனிஃபர் மெக்எல்வெயினும் உடன் ஆய்வாளர்களும், டிரையாசிக் காலம் முடிந்து ஜுராசிக் தொடங்கிய எல்லையில் காற்றின் கார்பன் டைஆக்சைடு பல மடங்கு உயர்ந்ததை கிரீன்லாந்து முதலிய இடங்களின் இலைகளிலிருந்து மீட்டார்கள். இதற்குப் பூக்கும் தாவரம் வேண்டாம், பென்னட்டைட்டேலிஸும் போதும். ஆனால் இலையின் மேலிருந்த கியூட்டிக்கிள் என்ற மெழுகுப் படலம் கெடாமல் மிஞ்சியிருக்க வேண்டும். ஜபல்பூர்ப் பகுதிப் படிவுகளில் அது மிஞ்சியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் வெளியே தெரியும் பாறையில் பெரும்பாலும் அச்சு மட்டும்தான் கிடைக்கிறது. வெயிலும் மழையும் ஏறி இறங்கிய பாறையில் கரிமப் பொருள் கரைந்துவிட்டது. முறை சரி, சான்றுதான் மேலே கிடைக்கும்படி இல்லை.

எல்லா அளவுகோலுக்கும் பின்னே உயிருள்ள இலைதான் நிற்கிறது என்று சொன்னேன். அந்த இடத்தில் சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு உலகின் ஒப்பீட்டு முறைக்கே சங்கடமான கேள்வி கேட்கிறது. இலையுதிர்க் காடு இருக்க வேண்டிய மழையளவில், தடித்த, சிறிய, முழுவிளிம்பு இலைகளோடு ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும் காடு அது: உலக்கைப் பாலை, காயா, இரும்புலி, வீரை. வடகிழக்குப் பருவமழை ஒரு சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போக, நீண்ட வெயில் பருவத்தை இந்த மரங்கள் இலை உதிர்க்காமலே கடக்கின்றன. நாளை இந்தக் காடே புதைபடிவமானால், பசுமைமாறா இலைகளைக் கண்ட ஆய்வாளர் ஆண்டு முழுதும் மழை என்று எழுதிவிடக்கூடும். கோயிலை ஒட்டிய காவுகளில்தான் இக்காட்டின் நல்ல மிச்சங்கள் இருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு நன்கு அறியப்பட்டது. அதே கரையில் திருவக்கரையில் கடலூர் மணற்பாறைக்குள் கிடக்கும் கல்மரங்களில் டிப்டெரோகார்ப் குடும்பத்துக்கு உறவானவை உண்டு. அந்தக் குடும்பத்தின் உயர்ந்த மரங்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் நிற்கின்றன. ஈரக் காட்டிலிருந்து வறண்ட பசுமைக்காட்டுக்கு இந்தக் கரை எப்படி வந்தது என்பதை அளக்க, இன்றைய காவுகளின் இலைகளை இனவாரியாக அளந்து ஒப்பீட்டுத் தொகுப்பில் சேர்ப்பது அவசர வேலை. காவு ஒன்று வெட்டுப்பட்டால் அளவுகோலின் ஒரு கோடு அழிகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, கடல் ஓடுகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தால் வெப்பம் துல்லியமாகத் தெரிந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. துல்லியத்தில் அது மேல்தான். ஆனால் அது சொல்வது கடல்நீரின் சூட்டை. நிலத்தில் மழை எந்தப் பருவத்தில் பெய்தது, காடு திறந்ததா அடர்ந்ததா, நீண்ட குளிர்கால இரவை மரங்கள் இலையோடு கடந்தனவா இல்லையா என்பதை ஓடு சொல்லாது. அதற்கு இலையும், மரத்தின் வளையமும், மகரந்தமும் வேண்டும். இலையின் விடையில் குறைந்தது இரண்டு பாகைப் பிழை இருக்கும் என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. இன்றைய துருவங்களில் பனி மூடிய நிலத்தில் கிரெட்டேசியஸ் காலத்தில் காடு நின்றது என்ற அளவிலான வேறுபாட்டைக் கண்டறிய இரண்டு பாகை தடையே அல்ல. நூறாண்டு மாற்றத்தை அளக்கத்தான் அது போதாது. அளவுகோலின் கூர்மைக்கு ஏற்பக் கேள்வியை வைக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவுகோலை நீட்டியதால் வந்த ஏமாற்றமே இத்துறையின் மீது பலருக்குள்ள அவநம்பிக்கைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்றைய சான்றைக் கொண்டு பாலாற்றுப் படுகையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: முன் கிரெட்டேசியஸில் தெற்கின் நடு அகலாங்கில், அண்டார்க்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கிய கரையில், கடல் உள்ளே வந்து போன தாழ்ந்த சமவெளியில், கூம்பு மரங்களும் இறகிலைச் செடிகளும் பெரணிகளும் கலந்த தாவரக் கூட்டம் இருந்தது, கடும் பனி அதை ஆளவில்லை. ஆண்டுச் சராசரி இத்தனை பாகை என்று எண் சொன்னால் அது சான்றை மீறிய பேச்சு. எண் கிடைக்க வழி இருக்கிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தொழிற்சாலைகளும் சாலைகளும் இந்தப் பாறைகளை மூடிக்கொண்டு வருகின்றன. ஆனால் அதே கட்டுமானங்கள் அடித்தளத்துக்கும் தண்ணீருக்கும் ஆழமாகத் துளையிடுகின்றன. வெயில் படாத ஆழத்துக் கருஞ்சாம்பல் களிமண் பாறையில் மெழுகுப் படலம் கெடாத இலை கிடைக்கும் வாய்ப்பு, மேலே வெளுத்துக் கிடக்கும் பாறையைவிட மிக அதிகம். அந்தத் துளைமண்ணை லாரியில் ஏற்றி ஏரிக்கரையில் கொட்டுவதற்கு முன், எந்த ஆழத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு ஒரு பையளவு அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் அல்லது புவியியல் துறைக்குக் கொடுத்துவிட்டால் போதும். அதிலிருந்து ஒரு டிலோஃபில்லத் துண்டின் இலைத்துளைகளை எண்ண முடிந்தால், வாலாஜாபாத்தை ஒட்டிய நிலத்தின் மேல் 12 கோடி ஆண்டுக்கு முன் வீசிய காற்றில் எவ்வளவு கார்பன் டைஆக்சைடு இருந்தது என்ற கேள்விக்கு முதல் நேரடிக் கணக்கு இந்தப் படுகையிலிருந்தே வரும்.